எந்த முகம், எந்த விளிம்பு: நிரல் எழுதி வடிவமைக்க மூன்று திறந்த மூலக் கருவிகள்

ஸ்டெப்பர் மோட்டாரைத் தாங்கும் எல் வடிவ பிராக்கெட் ஒன்றை வரைவது கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள் பழகியவருக்கு அரை மணி நேர வேலை. அதே பிராக்கெட் மூன்று மோட்டார் அளவுகளுக்கும், ஒவ்வொன்றும் நான்கு தகட்டுக் கனங்களிலும், மூன்று உயரங்களிலும் வேண்டும் என்று வந்தால் அது 36 கோப்புகளாகப் பெருகிவிடுகிறது. சுட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். 20-ஆவது கோப்பைத் தாண்டும்போது கை தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும், கண் கவனிக்காது, தவறு அங்கேதான் நுழையும். இந்த வேலையை நிரலிடம் ஒப்படைக்கத் திறந்த மூல மென்பொருள்களில் நான் நம்பிப் பயன்படுத்துபவை மூன்று: ஓப்பன்எஸ்கேட், ஃப்ரீகேட், கேட்குவெரி. ஒரே பிராக்கெட்டை மூன்றிலும் செய்து பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது.

தேர்வுக்கு எடுத்துக்கொண்ட மோட்டார்கள், நெமா என்னும் தர அளவு முறையில் நெமா 14, நெமா 17, நெமா 23 ஆகிய அளவுகளைச் சேர்ந்தவை. இவற்றின் திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் முறையே 26, 31, 47.14 மில்லிமீட்டர், முகப்பில் புடைத்து நிற்கும் வட்டத்தின் விட்டம் முதலிரண்டிலும் 22, மூன்றாவதில் 38.1 மில்லிமீட்டர். முதலிரண்டுக்கும் எம்3 திருகு, மூன்றாவதற்கு எம்5 போல்ட் என்று வைத்துக்கொண்டேன். அவை தாராளமாக நுழைய 3.4, 5.5 மில்லிமீட்டர் துளைகள். அடித்தகட்டில் பெல்ட்டை இறுக்குவதற்கு வசதியாக இரண்டு நீள்துளைகள், இரு தகடுகளும் சேரும் மூலையில் ஒரு தாங்குவிலா, வெளிமூலைகளில் ஃபில்லட், அதாவது வளைவாக உருட்டிய விளிம்பு. அளவுகள் ஓர் அட்டவணைக் கோப்பில் இருக்க வேண்டும். நிரல் அதை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எந்திரப் பட்டறைக்கு ஸ்டெப் கோப்பும், முப்பரிமாண அச்சுக்கு எஸ்டிஎல் கோப்பும், லேசர் வெட்டுக்கு மோட்டார் தகட்டின் டிஎக்ஸ்எஃப் கோப்பும் எழுத வேண்டும்.

வேகத்தை நான் அளக்கவில்லை. 36 கோப்புகள் இரண்டு நிமிடத்தில் வந்தாலும் பத்து நிமிடத்தில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் பார்த்தது வேறு. திரையில் ஒரு முகத்தைச் சொடுக்கும்போது ‘இந்த முகம்’ என்பதற்கு விரலே சாட்சி. நிரலில் விரல் கிடையாது. எந்த முகம், எந்த விளிம்பு என்று சொல்லால் சுட்ட வேண்டும். அளவுகள் மாறினாலும் அந்தச் சுட்டல் சரியான இடத்திலேயே விழ வேண்டும். நிரல்வழி வடிவமைப்பின் பாடெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சில்தான் சிக்கிக்கிடக்கிறது என்பதால், மூன்று கருவிகளும் இதை எப்படிக் கையாளுகின்றன என்பதையே அளவுகோலாக வைத்தேன்.

முதலில் ஓப்பன்எஸ்கேட். மூன்றில் கற்றுக்கொள்ள எளிது இதுதான். கனசதுரம், உருளை, நகர்த்து, சுழற்று, கழி என்னும் ஐந்தாறு சொற்களைத் தெரிந்துகொண்டால் ஒரே மாலையில் பிராக்கெட் எழுந்து நின்றுவிடும். கோப்பு வெறும் உரை என்பதால் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டு வைத்தால் யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்பது வரியளவில் தெரியும். கட்டளை வரியிலிருந்து ஓட்டுவதும் எளிது: வெளியீட்டுக் கோப்பின் பெயரை ஒரு கொடியிலும், மாற்ற வேண்டிய மாறியின் மதிப்பை இன்னொரு கொடியிலும் கொடுத்தால் போதும். அட்டவணையைப் படித்து அந்தக் கட்டளையை 36 முறை அழைக்கும் சிறிய ஷெல் நிரல் பத்து வரிக்குள் முடிந்துவிட்டது.

சுட்டலைப் பொறுத்தவரை ஓப்பன்எஸ்கேட் கேள்வியையே தவிர்த்துவிடுகிறது. அதில் முகமும் இல்லை, விளிம்பும் இல்லை. இடம் மட்டுமே உண்டு. மோட்டார் தகட்டின் முகம் எங்கே இருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. அடித்தகட்டின் கனம், தகட்டின் பாதி அகலம், துளை இடைவெளியின் பாதி என்று கூட்டிக் கழித்து நீங்களேதான் அங்கே போய்ச் சேர வேண்டும். சின்ன உறுப்புகளுக்கு இது குறையே அல்ல, சொல்லப்போனால் நிம்மதி. எந்தச் சுட்டலும் இல்லாததால் எந்தச் சுட்டலும் தவறுவதில்லை. ஆனால் ஏற்கனவே உருவான திண்மத்தின் ஒரு விளிம்பை மட்டும் எடுத்து அதற்கு ஃபில்லட் போடு என்று சொல்ல வழியில்லாததால், மூலைகளை உருட்டுவதற்கு ஆரம்பத்திலேயே தட்டை வடிவத்தை உருட்டி, அதன் பிறகே உயர்த்த வேண்டியிருக்கிறது. இரு தகடுகளும் சந்திக்கும் உள்மூலைக்கு அந்த உத்தியும் உதவாது. அங்கே ஒரு துண்டைச் சேர்த்து அதிலிருந்து கால் உருளையைக் கழித்தேன். பார்ப்பதற்கு ஃபில்லட் போலவே இருக்கிறது.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு, இதைப் புதிதாகத் தொடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓப்பன்எஸ்கேட்டில் வட்டம் என்பது உண்மையில் பலகோணம். எத்தனை பக்கம் என்று நாம் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 12 பாகைக்கும் 2 மில்லிமீட்டருக்கும் குறையாத வகையில் அதுவே முடிவு செய்துகொள்ளும். 22 மில்லிமீட்டர் வட்டத்துக்கு இந்தக் கணக்கில் 30 பக்கங்கள் கிடைக்கின்றன, பாதகமில்லை. 3.4 மில்லிமீட்டர் துளைக்குக் கிடைப்பதோ ஆறே பக்கங்கள். முனைகள் வட்டத்தின் மேல் அமைவதால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.94 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எம்3 திருகு நுழையாது. முதல் தொகுதியை அச்சிட்டு எடுத்தபோது நான்கு மூலைகளிலும் தேன்கூட்டு அறைபோல அறுகோணத் துளைகள் இருந்தன. திரையில் அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பக்கங்களின் எண்ணிக்கையை 64 என்று கோப்பின் தலையில் ஒரே வரி எழுதியதும் அந்தத் தூரம் 3.396-க்கு வந்துவிட்டது.

பலகோணக் குணம் வெளியீட்டிலும் தொடர்கிறது. டிஎக்ஸ்எஃப் கோப்பில் துளை வட்டமாகப் போகாமல் குட்டிக் குட்டி நேர்கோடுகளாகப் போகிறது. வெட்டுகிறவர் அதை வட்டமாக மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஸ்டெப் கோப்பு எழுதும் வசதியே கிடையாது. ஆக, என் தேர்வின் மூன்று வெளியீடுகளில் ஒன்றைத்தான் ஓப்பன்எஸ்கேட் முழுமையாக நிறைவேற்றியது. மொழியின் இயல்பும் வேறு மொழிகளில் பழகியவரைக் கொஞ்சம் தடுமாற வைக்கும்: ஒரு மாறிக்கு இரண்டு முறை மதிப்பு கொடுத்தால், முதல் வரியிலிருந்தே இரண்டாவது மதிப்புதான் செல்லும். நிலையான பதிப்பு 2021-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை நிறுவாமல் அன்றாடம் வெளியாகும் வளர்ச்சிப் பதிப்பை எடுத்து, அதில் மேனிஃபோல்ட் என்னும் புதிய வடிவியல் பொறியைத் தேர்ந்துகொள்ளுங்கள். முன்பு நிமிடக்கணக்கில் காக்க வைத்த கழித்தல்கள் அதில் கண்மூடித் திறப்பதற்குள் முடிகின்றன.

அடுத்தது ஃப்ரீகேட். 2002-இல் முதலில் வெளிவந்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்னும் எண்ணை எட்டிய மென்பொருள். அந்த நிதானமே அதன் குணத்தைச் சொல்லும். ஓப்பன் கேஸ்கேட் என்னும் வடிவியல் கருவின் மேல் இயங்குவதால் இதில் வட்டம் வட்டமாகவே இருக்கிறது, ஸ்டெப் கோப்பும் ஒழுங்காக வருகிறது. பைத்தான் நிரல்மொழி இதில் பிற்சேர்க்கை அல்ல. பட்டியில் எதை அழுத்தினாலும் அதற்கு நிகரான பைத்தான் வரி கீழே உள்ள முனையப் பலகையில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேக்ரோ பதிவை இயக்கிவிட்டு வேலை செய்தால் அந்த வரிகளெல்லாம் ஒரு கோப்பில் சேர்கின்றன.

தானியக்கத்துக்கு இதுதான் வாசல் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன். பதிவான மேக்ரோவைத் திறந்து பார்த்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. நான் மோட்டார் முகத்தைச் சொடுக்கிய இடத்தில், இன்ன பொருளின் ‘ஃபேஸ்6’ தேர்ந்தெடுக்கப்பட்டது என்று எழுதி, அதோடு சுட்டி பட்ட புள்ளியின் மூன்று ஆயங்களையும் தசமங்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. நான் எண்ணியது ‘மோட்டார் அமரும் முகம்’. அது எழுதிக்கொண்டது ‘ஆறாவது முகம்’. தாங்குவிலாவைச் சேர்த்ததும் முகங்களின் வரிசை மாறி, ஆறாவது எண் விலாவின் சரிவுக்குப் போய்விட்டது. அதே மேக்ரோ நான்கு துளைகளையும் அந்தச் சரிவில் போட்டுவிட்டுத் தன் வேலை முடிந்ததாக நின்றது. முகங்களின் எண் இப்படி இடம்மாறும் சிக்கல் ஃப்ரீகேட் பயனர்களுக்கு நெடுங்காலப் பழக்கம். 1.0 பதிப்பில் அதற்கு நல்ல மருந்து கிடைத்திருக்கிறது. திரையில் மாதிரியைத் திருத்தும்போது வித்தியாசம் உடனே தெரிகிறது. ஆனால் நாமே நிரலில் ஆறு என்று எழுதி வைத்தால் அந்த மருந்து என்ன செய்யும்?

ஸ்கெட்சை, அதாவது திண்மத்துக்கு அடிப்படையான தட்டைக் கோட்டு வரைவை, நிரலில் எழுதுவது இதன் இன்னொரு முகம். இரண்டு கோடுகளின் முனைகளை ஒன்றாகச் சேர்க்க, ஒன்றித்தல் என்னும் கட்டுப்பாட்டின் பெயரோடு நான்கு எண்களைத் தர வேண்டும்: பூச்சியம், இரண்டு, ஒன்று, ஒன்று. பூச்சியமாவது கோட்டின் முடிவுப்புள்ளியும் ஒன்றாவது கோட்டின் தொடக்கப்புள்ளியும் ஒன்றே என்பது அதன் பொருள். தொடக்கத்துக்கு 1, முடிவுக்கு 2, மையத்துக்கு 3 என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், ஆதிப்புள்ளியைச் சுட்டக் கழித்தல் ஒன்று. பத்துக் கட்டுப்பாடுகள் எழுதி முடிப்பதற்குள், மறுநாள் படித்தால் எனக்கே புரியாத எண் அணிவகுப்பு ஒன்று உருவாகியிருந்தது. ஃப்ரீகேட்டில் ஸ்கெட்சுகளை நிரலால் எழுப்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

எழுப்பாமல் என்ன செய்வது என்பதில்தான் ஃப்ரீகேட்டின் உண்மையான பலம் இருக்கிறது. பிராக்கெட்டைக் கையால் ஒரே ஒரு முறை, பொறுமையாக, எல்லாக் கட்டுப்பாடுகளோடும் வரைந்துகொள்ள வேண்டும். அளவுகளை ஸ்கெட்சுக்குள் எண்ணாக எழுதாமல், அதே கோப்பில் உள்ள விரிதாளின் கலங்களுக்கு ‘துளை_இடைவெளி’, ‘தகட்டுக்_கனம்’ என்பதுபோல் பொருளுள்ள பெயர் வைத்து, அந்தப் பெயர்களோடு இணைத்துவிட வேண்டும். அதன் பிறகு நிரலுக்கு மூன்றே வேலைகள்: கலத்தில் எண்ணை எழுது, மறுகணக்கீடு செய், ஏற்றுமதி செய். எந்த முகம் என்னும் பொறுப்பு மாதிரிக்குள்ளேயே, கண்ணால் பார்த்துச் சரிபார்த்த இடத்தில், அடங்கிவிடுகிறது. திரை இல்லாமல் கட்டளை வரியில் இயங்கும் ஃப்ரீகேட்டைக் கொண்டு இந்த நிரலை ஓட்டியபோது 36 ஸ்டெப் கோப்புகளும் வரிசையாக வந்து விழுந்தன. நிரல் முப்பது வரிகூட இல்லை.

வந்து விழுந்தவற்றில் ஒன்று பொய். நெமா 14-க்கான, உயரம் மிகக் குறைந்த, 6 மில்லிமீட்டர்த் தகட்டு வகையில் ஃபில்லட் பக்கத்து நீள்துளையின் விளிம்பைத் தொட்டுவிட்டதால் அது உருவாகவில்லை. திரையில் செய்திருந்தால் மரப்பட்டியலில் அந்த உறுப்பின் மேல் சிவப்புக் குறி விழுந்திருக்கும். நிரலிலோ மறுகணக்கீட்டு அழைப்பு பைத்தான் பிழை எதையும் எழுப்பாமல் திரும்பி வந்தது. உறுப்பிடம் முந்தைய வடிவம் அப்படியே இருந்தது. என் நிரல் அதை ‘6 மில்லிமீட்டர்’ என்று பெயரிட்டுச் சேமித்தது. மறுநாள் எடைக் கணக்குக்காகக் கனஅளவுகளை வரிசைப்படுத்தியபோது 5 மில்லிமீட்டர்த் தகட்டுக்கும் 6 மில்லிமீட்டர்த் தகட்டுக்கும் கனஅளவு கடைசித் தசமம்வரை ஒன்றாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. தவறு என்னுடையது: ஒவ்வொரு மறுகணக்கீட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு உறுப்பின் நிலையையும் கேட்டு, செல்லாதது என்று ஒன்றிருந்தாலும் நிரலை நிறுத்த வேண்டும் என்பதை நான் எழுதியிருக்கவில்லை. அந்த நான்கு வரிகளை இப்போது எல்லா ஃப்ரீகேட் நிரல்களிலும் முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன்.

ஃப்ரீகேட் கோப்பு உள்ளபடியே ஒரு ஜிப் பொதி. பிரித்தால் எக்ஸ்எம்எல் விவரமும் வடிவத் தரவும் கிடைக்கும். ஆகவே கிட்டில் போடலாம், ஆனால் இரண்டு பதிப்புகளுக்கு இடையே என்ன மாறியது என்று வரி வரியாகப் பார்க்க முடியாது. கோணங்களிலும் கவனம் தேவை. ஃப்ரீகேட்டின் சுழற்சி பாகையில் கேட்கிறது, பைத்தானின் கணித நூலகம் ரேடியனில் கேட்கிறது. ஓப்பன்எஸ்கேட்டின் சைன் பாகையில் இயங்குவதால், அங்கே எழுதிய சூத்திரத்தை இங்கே அப்படியே ஒட்டினால் விலா எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவதாகக் கேட்குவெரி. இது மென்பொருள் என்பதைவிட, பைத்தானில் நிறுவிக்கொள்ளும் நூலகம். பிப் கட்டளை ஒன்று போதும். தொடக்கக் காலத்தில் ஃப்ரீகேட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது; இரண்டாம் பதிப்பிலிருந்து அதைக் கழற்றிவிட்டு ஓப்பன் கேஸ்கேட்டோடு நேரடியாகப் பேசுகிறது. எனவே வெளியீட்டுத் தரத்தில் ஃப்ரீகேட்டுக்குச் சற்றும் குறைவில்லை: ஸ்டெப், எஸ்டிஎல், டிஎக்ஸ்எஃப் மூன்றும் உண்டு, டிஎக்ஸ்எஃப்பில் துளை வட்டமாகவே இருக்கிறது. பார்ப்பதற்குத் தனியாக ஒரு சிறிய திருத்தி கிடைக்கிறது. பார்க்காமலே ஓட்டவும் தடையில்லை.

இதன் பெயரிலேயே கேள்வி இருக்கிறது, அது வெறும் பெயரல்ல. முகத்தை எண்ணால் சுட்டாமல் விவரித்துக் கேட்கிறோம். ‘பெரியது’ என்னும் குறியோடு இசட் என்று எழுதினால் இசட் அச்சில் மிக மேலே உள்ள முகம். இணைகோட்டுக் குறியோடு இசட் என்று எழுதினால் அந்த அச்சுக்கு இணையான விளிம்புகள் அனைத்தும். மோட்டார் துளைகளுக்கு நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒய் அச்சில் மிக முன்னால் உள்ள முகத்தை எடு, அதில் ஒரு வேலைத்தளம் போடு, துளை இடைவெளியைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தைத் துணைக்கோடாக வரை, அதன் முனைகளில் துளையிடு. விலாவைச் சேர்த்தாலும் கனத்தை மாற்றினாலும் மிக முன்னால் உள்ள முகம் மிக முன்னால்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து படித்தபோது, எதற்காக எழுதினேன் என்பது விளக்கக் குறிப்பு இல்லாமலே புரிந்தது. மூன்று கருவிகளில் இந்த ஒன்றில்தான், வடிவமைப்பாளர் மனத்தில் வைத்திருக்கும் சொற்றொடரும் நிரல் வரியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன.

கேள்வி சரியாக இருக்கும்வரைதான் விடையும் சரியாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகட்டின் உச்சியைச் சீர் செய்ய ‘மிக மேலே உள்ள முகம்’ என்று கேட்டிருந்தேன். உயரம் குறைந்த வகையில் விலாவின் உச்சியும் தகட்டின் உச்சியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட, விடையாக இரண்டு முகங்கள் கிடைத்தன. இப்படிப்பட்ட இடங்களுக்கு, தொடக்கத்திலேயே ஒரு வேலைத்தளத்துக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, பின்னால் அந்தப் பெயரைச் சொல்லியே அதற்குத் திரும்பும் வசதி இருக்கிறது. பெரிய உறுப்புகளில் அதை ஆரம்பத்திலிருந்தே பயன்படுத்துவது நல்லது. புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று, முகத்தில் போடும் வேலைத்தளத்தின் மையம். அது முகத்தின் நடுவில் அமையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்; ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் பழைய ஆதிப்புள்ளியின் நிழல் அந்த முகத்தில் எங்கே விழுகிறதோ அங்கேதான் அமையும். நடுவில் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஃபில்லட் சிக்கல் இங்கும் வந்தது, கரு ஒன்றே என்பதால் வராமல் இருக்க முடியாது. நடந்துகொண்ட விதம்தான் வேறு. அதே நெமா 14 வகைக்கு வந்ததும் நிரல் பிழையோடு அங்கேயே நின்றது, பொய்க்கோப்பு எதுவும் உருவாகவில்லை. பிழைச்செய்தி மட்டும் ‘கட்டளை நிறைவேறவில்லை’ என்னும் பொருளில் மூன்றே சொற்கள். எந்த விளிம்பு, எவ்வளவு ஆரம், ஏன் என்று ஒன்றும் இல்லை. விளிம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். ஆனாலும், மௌனமாகத் தவறு செய்யும் கருவியைவிட முரட்டுத்தனமாக நிற்கும் கருவியோடு என்னால் வாழ முடியும்.

கேட்குவெரியின் பாணி, ஒரு சொல்லோடு ஒரு சொல்லைப் புள்ளியிட்டுச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவது. சங்கிலி நீண்டால் நடுவில் என்ன நடக்கிறது என்று நின்று பார்ப்பது கடினம். அது பிடிக்காதவர்களுக்காக அதே கருவின் மேல், அதே மரபிலிருந்து பிறந்த பில்ட்123டி என்னும் நூலகம் இருக்கிறது. முகங்களை இசட் அச்சில் வரிசைப்படுத்திக் கடைசி ஒன்றை எடு என்று வழக்கமான பைத்தான் பட்டியலாகவே அதில் எழுதலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதையும் பார்க்கச் சொல்வேன். என்னிடம் கேட்குவெரியில் எழுதிச் சேர்த்தவை நிறைய இருப்பதால் நான் மாறவில்லை.

பைத்தானில் எழுதுவதன் பெரிய ஆதாயம் சோதனை. திண்மம் கையில் இருக்கும்போதே அதைக் கேள்வி கேட்கலாம்: செல்லுபடியாகும் திண்மமா, எல்லைப்பெட்டியின் அகலம் என்ன, கனஅளவு என்ன, உருளை வடிவ முகங்களில் 1.7 மில்லிமீட்டர் ஆரம் உள்ளவை சரியாக நான்குதானா. இவற்றின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு முட்டாள்தனத்துக்குப் பிறகுதான். நெமா 23-க்கான ஒரு தரவுத்தாளில் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டமாக 66.67 என்று இருந்ததைத் துளை இடைவெளி என்று நினைத்து அட்டவணையில் ஏற்றிவிட்டேன். அது சதுரத்தின் மூலைவிட்டம், பக்கம் 47.14. தகட்டின் அகலத்தை இடைவெளியிலிருந்து கணக்கிடும்படி நிரல் எழுதியிருந்ததால் பிராக்கெட் மொத்தமும் அதற்கேற்ப அழகாக வளர்ந்துவிட்டது; திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாரை எடுத்துப் பொருத்தும்போதுதான் தெரிந்தது. தகட்டின் அகலம் மோட்டார் முகத்தைவிட 10 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகக் கூடாது என்னும் ஒரு சோதனை வரி இருந்திருந்தால் கோப்பே உருவாகியிருக்காது. அளவுகளை அட்டவணையில் வைப்பது பாதி வேலை. எந்த அளவு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதையும் நிரலில் எழுதுவது மறுபாதி.

இப்போது எது எதற்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். அச்சிட்டுத் தூக்கிப் போடும் துணைக்கருவிகள், பெட்டிகள், இடைச்செருகல் வளையங்கள் ஆகியவற்றுக்கு ஓப்பன்எஸ்கேட். எந்திரப் பட்டறைக்கோ லேசர் வெட்டுக்கோ போக வேண்டிய எதற்கும் அதைத் தொடுவதில்லை. ஒரே உறுப்பின் பல அளவுகளுக்குக் கேட்குவெரி. ஒருவர் வரைந்து மற்றவர் திருத்த வேண்டியவற்றுக்கும், நிரல் தெரியாதவர் கையில் போய்ச் சேர வேண்டியவற்றுக்கும் ஃப்ரீகேட் மாதிரியும் விரிதாளும். அவர்கள் கலத்தில் எண்ணை மாற்றினாலே போதும். மூன்றும் உரிமப் பிரச்சினை இல்லாதவை, தொழில்முறை வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மூன்றிலும் எனக்குத் தீராத குறை, அளவுகள் குறித்த தாள் வரைபடம். ஓப்பன்எஸ்கேட்டில் அந்தப் பேச்சே இல்லை. கேட்குவெரியில் தோற்றங்களை எஸ்விஜி கோப்பாக எடுக்கலாம், ஆனால் அளவுக்கோடுகளும் சகிப்பெல்லைகளும் கொண்ட முறையான தாள் வராது. ஆகவே அங்கே உருவான ஸ்டெப் கோப்பை ஃப்ரீகேட்டில் தாள் வரைபடம் தயாரிக்கும் டெக்டிரா பகுதிக்குள் கொண்டுவந்து, தயாராக வைத்திருக்கும் தாளில் தோற்றங்களை அமர்த்தி, அளவுகளை நிரலால் ஒட்டுகிறேன். அங்கேதான் பழைய பூதம் மறுபடி எழுந்து நிற்கிறது: ஒவ்வொரு அளவுக்கோடும் தோற்றத்தின் ‘எட்ஜ்3’, ‘எட்ஜ்7’ என்று விளிம்பு எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யத் திரையும் திறந்திருக்க வேண்டும் என்பதால், இரவில் ஓடவிட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. நெமா 23-இன் உயரமான வகையில் விளிம்புகளின் வரிசை மாறி, துளை இடைவெளியைக் காட்ட வேண்டிய கோடு நீள்துளையின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைச் சென்ற முறை அனுப்புவதற்குச் சற்று முன்புதான் பார்த்தேன். அதனால் 36 திண்மங்களை நிரல் சரிபார்த்துக்கொள்கிறது. 36 தாள்களை இன்னும் நான் அச்செடுத்து, ஒவ்வொரு அளவின் மீதும் பென்சிலால் குறியிட்டுத்தான் அனுப்புகிறேன்.